பச்சிலை என்ற பெயர் காலியான விதம்

ஆனைக்கல்லில் பிறக்கும் பிள்ளைகளுக்கு, மரத்தவளையிடமிருந்து மிஞ்சிய பெயர்களைத்தான் வைப்பார்கள். அந்த மழைக்காட்டுத் தவளை கட்டைவிரல் நகமளவு இருக்கும். நூற்றைம்பது வருஷமாக வந்தவர்களெல்லாம் அதைப் புதுசென்று நினைத்து ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டுப் போனார்கள். எல்லாம் ஒரே தவளைதான் என்று தெரியவரும்போது மூத்த பெயர் தவளைக்கு, மிச்சம் ஊருக்கு. ஒரு துரை தன் மாமியார் பெயரை அதற்கு வைத்திருந்தார். அந்தப் பெயர் காலியான வாரத்தில் பிறந்ததால் ரொசாரியின் கணவன் பெயர் மார்கரெட். தேயிலை ஃபாக்டரியில் மேஸ்திரி, முறுக்கு மீசைக்காரன்.

தொண்ணூறு நாளுக்குள் பெயர் கிடைக்காத பிள்ளையைக் காட்டிலாகா வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். ரொசாரியின் மகளுக்கு அன்று எண்பத்தெட்டாம் நாள்.  பெயர் ஆபீசுக்கு ஓடினாள் ரொசாரி.

கிளார்க் குட்டைமூக்கு அலமாரியைத் திறந்தே காட்டினார்.

"ஒண்ணுகூட இல்லம்மா. போன மாசம் ரெட்டைப் பிள்ளை பெத்தவங்க இருந்ததையும் வழிச்சுட்டுப் போயிட்டாங்க."

"நீங்க ரிட்டையர் ஆனா உங்க பேரு காலியாகுமா சார்?"

"செத்தாலும் ஆகாது. என் சம்சாரம் ஏற்கெனவே கேட்டுப் பாத்தாச்சு." பதிவேட்டைப் புரட்டினார். "நம்ம தவிட்டுத் தவளை ஒண்ணு. பச்சிலைத் தவளை இன்னொண்ணுன்னு இதுல தனித்தனியா எழுதியிருக்கு. ரெண்டும் ஒண்ணுதான்னு யாராவது காட்டினா ஒரு பேரு மிஞ்சும்."

மறுநாள் விடிந்ததும், காலை நீட்டிப் பிள்ளையை மேலே போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள் ரொசாரி. சுவரில் ஒரு தவிட்டுத் தவளை. வெந்நீரின் ஆவி மேலே எழும்பிப் பட்டதும், அது வெற்றிலைப் பச்சையாக மாறியது. ஆவி அடங்கியதும் மறுபடி தவிடு.

"ஏங்க, ஓடுங்க! குட்டைமூக்கு சாரைக் கூட்டிட்டு வாங்க!"

குட்டைமூக்கு பதிவேட்டோடு வந்து குளியலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். விதிப்படி மூன்று தடவை காட்ட வேண்டும். பிள்ளையை மூன்று தடவை குளிப்பாட்டினாள். மூன்றாவது தடவை அது வீல் வீலென்று கத்தியது. தவளை மட்டும் பொறுமையாக மூன்று தடவையும் மாறிக் காட்டியது.

"தவிடுதான் மூத்த பேரு. பச்சிலை காலி," என்று எழுதினார். "ஒண்ணு சொல்லிடறேன்மா. பேரோட அதுக்கு எழுதின விவரமும் சேர்ந்துதான் வரும். பிரிச்சுத் தர முடியாது."

"பிள்ளை என்கிட்டயே இருக்குமில்ல?"

விவரத்தை விரல் வைத்துப் படித்தார். "வீட்டை விட்டுப் போகாதுன்னு போட்டிருக்கு."

ரொசாரி கையெழுத்துப் போட்டாள். அன்று மத்தியானம் சோறு ருசித்தது.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. தொட்டிலில் பச்சிலை இல்லை. ஓட்டுக்குப் பக்கத்தில், சுவரோடு ஒட்டிக்கொண்டு, நல்ல பச்சையாக, பொக்கை வாயால் அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

"ஏங்க, பால் குடுக்கற நேரமாச்சு."

மார்கரெட் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் ஏறினான்.

"பாத்துங்க," என்றாள் ரொசாரி. "தலையைத் தாங்கிப் பிடிச்சு எடுங்க. இன்னும் கழுத்து நிக்கல."