வெறும் படிவம்

…விசாரணையில் போலீஸ் பொய் சொல்லலாமாம், வாயால் சொன்னால் தப்பில்லையாம், பொய்யாகத் தாள் தயாரித்துக் காட்டினால்தான் சட்டப்படி குற்றமாம், அதையும் காட்டிவிட்டுச் சிரிக்கிறான் அந்த இன்ஸ்பெக்டர், கோர்ட் வராந்தா பெஞ்சில் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, "நீங்க ஏம்மா டென்ஷன் ஆகுறீங்க, சும்மா காட்டினோம், அவனே மாஜிஸ்திரேட் முன்னாடி ஒத்துக்கிட்டான்" என்கிறான். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வான்? பதினாலு மணி நேரம் உட்கார வைத்து, திருட்டு நடந்த கடை இரும்புப்பெட்டியில் உன் கைரேகைதான், ஆய்வக அம்மாவே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் பார் என்று நீட்டினால், அந்த லாரி டிரைவருக்குத் தன் விரல்மேலேயே சந்தேகம் வந்திருக்கும். ஆய்வக அம்மா! அவள்தான் அது, அந்தப் பெட்டியை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, இருபத்திரண்டு வருஷம் ரேகை பார்த்துக் கண் பூத்துப்போனது இவன் புளுகுக்கு முத்திரை குத்தவா? எதிரே டிரைவரின் மனைவி சுவரோரம் நிற்கிறாள், "அக்கா, நீங்க சொன்னா விட்டுருவாங்கல்ல" என்று காலையிலேயே கையைப் பிடித்துக்கொண்டவள். விடாமல்? கள்ளக் கையெழுத்து என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வாக்குமூலம் செல்லாது, இவன் யூனிஃபார்மும் கழன்றுவிடும் என்றுதான் டிரைவரின் வக்கீல் அந்த ரேகை அறிக்கையின் நகலைக் கொடுத்துப் போயிருக்கிறார்.

நகலை விரித்தாள். பாவி, கையெழுத்தை எவ்வளவு அச்சு அசலாகப் போட்டிருக்கிறான், பேனா மை விட்டுப்போய் இரண்டாம் எழுத்தை மறுபடி அழுத்தியது உட்பட… மை விட்டுப்போனது இவனுக்கு எப்படித் தெரியும்? லீவில் கிளம்பிய அன்று, கைப்பை தோளில், ஆட்டோ வாசலில், "மேடம், பத்து நாள் நீங்க இல்லன்னா எங்க வேலை நின்னுடும், ரெண்டு வெறும் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, உங்க ஆளுங்க ரிசல்ட்டை நிரப்பிக்குவாங்க" என்று இவன்தான் கேட்டான், எல்லோரும் செய்வதுதானே என்று நின்றபடியே போட்டாள்… அவள் கையெழுத்தேதான். அதுதான் சிரிக்கிறான், எமகாதகன். அறைய வேண்டும், இவனையா, தன்னையா? நடந்ததைச் சொன்னாலும் டிரைவர் வெளியே வருவான், ஆனால் அவள் வேலை போகும், பென்ஷன் போகும், இருபத்திரண்டு வருஷமும் மண். இல்லை என்று சொன்னாலோ ஒருத்தருக்கும் கெடுதல் இல்லை, இவனைத் தவிர, வெறும் ஃபாரம் வாங்கியதை இவன் எந்த மூஞ்சியோடு சொல்வான், வேண்டும் இவனுக்கு… உள்ளேயிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். புடவையை நீவிக்கொண்டு எழுந்தாள். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்பார்கள், இல்லை என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது, ஒரு நல்ல காரியத்துக்குப் போகிற மாதிரி, துளிக் கூச்சம்கூட இல்லாமல்…