சாவேதாவின் குரலோடு போன கரடி

ஆப்பிள் பறிப்பு தொடங்கிய வாரம் சாவேதாவின் குரல் அவள் தொண்டையை விட்டுக் கிளம்பி ஒரு கரடிக்குட்டியிடம் போய்ச் சேர்ந்தது. அந்த வருஷம் ஆப்பிளும் சுமார்தான்.

தப்பு அவளுடையதே. ஹர்கிதா மலையில் எங்கள் ஊருக்கு மேலே, தாயை இழந்த கரடிக்குட்டிகளை வளர்த்துக் காட்டில் விடும் காப்பகம் ஒன்று இருக்கிறது. மகன்கள் இத்தாலிக்கு வேலைக்குப் போய்விட, கணவன் தோதெர் எதற்கும் தலையை மட்டும் ஆட்டுகிறவனாக இருக்க, பொழுது போகாமல் சாவேதா அங்கே சம்பளமில்லாத வேலைக்குப் போனாள். வேலிக்குள்ளே யாரும் வாய் திறக்கக் கூடாது, அதுதான் அங்கே சட்டம். மனிதக் குரலுக்குப் பழகிய கரடி பின்னால் குரல் கேட்ட இடமெல்லாம் இறங்கி வரும், வந்தால் துப்பாக்கிதான். ஊரே வாயாடி என்று பெயர் வைத்தவளிடம் இதைச் சொன்னால் நடக்கிற காரியமா? ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒரு குட்டி கஞ்சியைத் தொடாமல் சுருண்டு கிடந்தபோதுதான் மனசு கேட்கவில்லை. “சாப்பிடு கண்ணு, ஆறிடும்” என்றாள். குட்டி சாப்பிட்டது. அப்புறம் கோடை முழுக்கப் பேசினாள். அங்கே சொன்ன சொல் எதுவும் அவளிடம் திரும்பி வரவில்லை. முதலில் ‘கண்ணு’ போனது, பிறகு ‘உப்பு’, பிறகு மகன்களின் பெயர்கள், கடைசியில், ஆப்பிள் பறிப்பு தொடங்கிய வாரம், தோதெரைத் திட்டும் வசவுகளும் போயின.

காப்பகத்தை நடத்தும் கொஸ்தின் தலையில் கை வைத்துக்கொண்டான். “என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க! அது உங்க குரல்லயே ‘தோதெர், எங்கய்யா போய்த் தொலைஞ்சே’ன்னு கூப்பிடுது. இதை எந்த நம்பிக்கையில காட்டுல விடுறது? விடலேன்னா சாகிற வரைக்கும் கூண்டுதான்.” சாவேதாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டாள்.

கூண்டைவிடக் காடே மேல் என்று முடிவாயிற்று. விடுகிற அன்று குட்டியை வளர்த்தவரே விரட்டி, மனிதன் என்றாலே பயம் வரவைப்பது வழக்கம். கத்தக் குரலில்லாத சாவேதா, மாமலிகா என்ற மக்காச்சோளக் களி கிண்டும் இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து அகப்பையால் அடித்தாள். கரடி அவளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது. கல்லை எடுத்து எறிந்தாள். மூக்கில் பட்டது.

“நான் என்ன பண்ணேன்?” என்று கேட்டது கரடி. மகன்கள் போனதைச் சொல்லி அவள் அதனிடம் அழுதபோது கேட்ட அதே கேள்வி, அதே குரல். அவள் அடுத்த கல்லை எடுத்தாள். அது ஓடியது.

குளிர்காலம் முழுக்கப் பயந்தே கழிந்தது. பனி உருகியதும் வேட்டைக்காரர் இருவர் புதரில் ஏதோ அசைவதைக் கண்டு குறி வைத்தார்கள். “சேத்துக் காலோட உள்ளே வராதீங்கடா!” என்று உள்ளேயிருந்து ஒரு பெண் சீறினாள். பெண்பிள்ளை இருக்கும் புதரில் யார் சுடுவார்கள்? தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டுவிட்டு, பூட்ஸைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மதுக்கடையில் அவர்கள் சொன்னது காதுக்கு வந்ததும் சாவேதா தரையில் உட்கார்ந்து, சத்தமே இல்லாமல் வெகுநேரம் சிரித்தாள்.

கரடி ஊர்ப்பக்கம் வந்ததே இல்லை. சாயங்காலமானால் மலையுச்சியிலிருந்து குரல் மட்டும் வரும்: “தோதெர், சாப்பிட வாய்யா, ஆறிடும்!” அதைக் கேட்டுத்தான் பாதி ஊர் அடுப்பிலிருந்து சட்டியை இறக்குகிறது. அத்தனை வருஷம் தலையாட்டியே காலம் தள்ளிய தோதெர் ஜன்னலைத் திறந்து, “வந்துட்டேன்டி, கத்தாதே!” என்று மலையைப் பார்த்துப் பதில் சொல்கிறான். பிறகு வந்து சாவேதாவுக்கு எதிரே உட்காருகிறான். அவள் தட்டை நகர்த்தி வைக்கிறாள்.