நிஜ மாத்திரையின் சூடு

அன்று காலையில் சுடத் தொடங்கிய உடம்பு மதியமும் சுட்டபோது லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சிரிப்புதான் வந்தது.

மூத்திரப்பையில் வந்த புற்றுநோய் நுரையீரல் வரை பரவியிருந்தது. ஆண் ஹார்மோனை அடக்கினால் கட்டியும் அடங்குமா என்று பார்க்கும் சோதனையில் சேர்ந்திருந்தார். கீமோ எல்லோருக்கும் உண்டு. கூடவே தினம் ஒரு மாத்திரை. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

கீமோ அறையில் பக்கத்து நாற்காலி மீசைக்காரர்தான் கொளுத்திப் போட்டார். "மாப்ளே, ஹார்மோன் அடங்கினா உடம்பு சுடும். திடீர்னு குப்புனு வேர்த்தா நிஜ மருந்து. வேர்க்கலைன்னா வெறும் சுண்ணாம்பு. எனக்குச் சட்டையே நனையுது, பாத்துக்கோ!"

போன மாதம் மீசைக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். குரல் மட்டும் மெக்கானிக்கை விடவில்லை. பல் தேய்க்கும்போது, லிஃப்ட் கதவு மூடும்போது, காதருகே வந்து கேட்டது: வேர்க்குதா மாப்ளே?

இப்போது வேர்த்தது. காலமெல்லாம் மோட்டார் மேல் புறங்கையை வைத்துப் பார்த்தவர் அவர். சுட்டால் ஓடுகிறது என்று அர்த்தம். தன் நெஞ்சில் புறங்கையை வைத்தார். ஓடுது.

"ஏம்மா, உனக்கு மாதவிலக்கு நின்னப்ப வந்துச்சே, அதே சூடு! இனி நாம ஒரே கட்சி."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பிடரியைத் தொட்டாள். கையை எடுக்கவில்லை.

"எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து."

"என்னங்க, எனக்கு வந்த சூடு அஞ்சு நிமிஷத்துல போயிடும். இது நிக்குது. குளிருதா உங்களுக்கு?"

குளிரத்தான் செய்தது.

"காய்ச்சல் வந்தா உடனே ஓடி வாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே, பாவி மனுசா!" செருப்பைத் தேடிக்கொண்டே கத்தினாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, கீமோவால் கிருமியோடு சண்டை போட வெள்ளையணுவே மிச்சமில்லை என்றார்கள். ஊசி ஏறியது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா..." என்று டாக்டர் நிறுத்திக்கொண்டார்.

"அப்ப எனக்குக் குடுக்குறது சுண்ணாம்பா டாக்டர்?"

"இது வெறும் காய்ச்சல். இதை வச்சு எதுவும் சொல்ல முடியாது. சத்தியமா எனக்கும் தெரியாதுங்க."

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. மனைவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபிறகுதான், அடக்கி வைத்திருந்த அழுகையை அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். தன் உடம்பு நின்றுபோன மோட்டார் போலச் சில்லென்று கிடப்பதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. அவள் முகம் கழுவப் போன நேரத்தில், பக்கத்துக் காலிக் கட்டிலில் மடித்து வைத்திருந்த போர்வையையும் எடுத்துக் கழுத்து வரை மூடிக்கொண்டு, வேர்க்கக் காத்திருந்தார்.