விடியக்கால மிஸ்டு கால்

இறந்துபோன மனிதருக்குத் தினமும் விடியற்காலையில் போன் போடுகிறவளை ஊர் என்னவென்று பேசும்? அதனால்தான் வேண்டா இதை யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷன் ஜானகிராமனிடம்கூடச் சொல்லவில்லை. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் காதில் விழுந்த சேதி செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டை நன்றாகச் சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பும்.

வேண்டாவுக்கு சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் துப்புரவு வேலை. கம்பெனி வேனுக்காக, இருட்டுப் பிரிகிற நேரத்தில் பைபாஸ் மேம்பாலத்தடியில் வந்து நிற்பாள். மற்ற பெண்கள் வந்து சேர்வதற்குள் போனை எடுத்து 'ஜெபக்குமார் அண்ணன்' என்ற பெயரைத் தொடுவாள். அங்கே மணி அடிக்கும். இங்கே அவள் காதில் காலர் ட்யூன் ஓடும். ஜெபக்குமாரே பாடியது. கீபோர்டு இல்லை, தபேலா இல்லை, வெறும் குரல். "கரை தெரியாத போதும்..." என்று ஆரம்பிப்பார். நடுவில் இருமல் வரும். சமாளித்துக்கொண்டு, "உம் கை தெரியுமே" என்பார். அடுத்த அடிக்கு மூச்சை இழுப்பார். அதற்குள், நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்று ஒரு பெண்குரல் குறுக்கே வந்துவிடும். இழுத்த அந்த மூச்சு எங்கே போய் முடிந்ததென்று வேண்டாவுக்குத் தெரியாது. சில நாள் பகலில், கம்பெனி பாத்ரூமைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் அது கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஈரத் தரைதான் இருக்கும்.

ஜெபக்குமார் மாமல்லபுரத்துக்காரர். பெரிய பாடகரெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் வேண்டா சண்டைக்கே போய்விடுவாள். பல வருஷத்துக்கு முன்பு செங்கல்பட்டில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் அவர் பாடினார். பக்கத்து வீட்டுக்காரி இவளையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மைக்கிலேயே, "உன் பேரு இன்னாம்மா?" என்று கேட்டுவிட்டார்.

"வேண்டா."

பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கும் வீட்டில், இனிப் பெண் வேண்டாம் என்று கடைசியில் வைக்கிற பெயர். மைதானமே சிரித்தது. ஜெபக்குமார் சிரிக்கவில்லை. கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, சிரிப்பு அடங்குகிறவரை சும்மா நின்றார். பிறகு, "இந்தப் பாட்டு வேண்டாவுக்கு" என்று சொல்லி ஆரம்பித்தார். பெற்றவர்கள் எரிச்சலில் வைத்ததை ஒருவர் மரியாதையாக உச்சரித்து அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். வீட்டுக்கு வந்து, அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அதற்காக அவள் மதம் மாறிவிடவில்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் விடவில்லை. கூட்டத்து நோட்டீசில் 'ஜெப உதவிக்கு' என்று போட்டிருந்த நம்பரை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டாள். பேசத் தைரியமில்லை. பேசினாலும் என்ன கேட்பது? காலர் ட்யூனைக் கொஞ்சம் கேட்டுவிட்டு, அவர் எடுப்பதற்குள் கட் பண்ணிவிடுவாள். ஆரம்பத்தில் அவர் திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தார். இவள் எடுக்கவில்லை. அப்புறம் அவரும் விட்டுவிட்டார். திடீரென்று ஒருநாள் பாட்டு மாறியிருந்தது, இருமலோடு. அவளுக்கு என்னவோ மாதிரி இருந்தது. கொஞ்ச நாளிலேயே, மாலை போட்ட அவர் படத்தைச் சுவரொட்டியில் பார்த்தாள். மறுநாள் விடியற்காலை, இனி யார் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும், கை தன்னால் அந்தப் பெயரைத் தொட்டது. மணி போயிற்று. அவர் பாடினார்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. போன வாரம், இருமல் வருவதற்கு முன்பே பாட்டு நின்றுவிட்டது.

யாரோ போனை எடுத்துவிட்டார்கள். பேச்சில்லை. தூரத்தில் கடல் சத்தம். யாரோ மூச்சு விடுவது மட்டும் கிட்டத்தில் கேட்டது. வேண்டா சட்டென்று போனைக் காதிலிருந்து எடுத்தாள். கட் பண்ணிவிட்டாள்.

அன்று மத்தியானம், பாத்ரூமில் பக்கெட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. திரையில் 'ஜெபக்குமார் அண்ணன்' என்று வந்தது. அவர் உயிரோடிருந்து கூப்பிட்டபோது எடுக்காதவள், செத்தபின் கூப்பிடும்போது எடுக்காமல் இருக்க முடியுமா? எடுத்தாள்.

"டெய்லி விடிகாலைல பண்றது நீதானாம்மா?" பெண் குரல். "நான் அவரு வூட்டுக்காரி. என் பேரு பாப்பா. அவரு செத்து ரெண்டு வருஷமாச்சு. உனக்குத் தெரியாது போல கீது. இந்த மாசத்தோட நம்பர மூடப்போறேன். சொல்லிட்டு மூடலாம்னுதான் எடுத்தேன். இனிமே பண்ணாத."

வைத்துவிட்டாள். ஜெபக்குமார் இன்னொரு தரம் சாகப்போகிறார் என்றுதான் வேண்டாவுக்குப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை லீவில், திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து மாமல்லபுரம் போய் இறங்கினாள். ஜெபக்குமார் பாட்டுக்காரர் வீடு என்றதும், சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் சந்து ஒன்றைக் காட்டினார்கள். தேவாலயத்தில் ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பாப்பா போகவில்லை. வாசலில் உட்கார்ந்து மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"அந்த போன் நான்தான் அண்ணி."

பாப்பா தலைதூக்கிப் பார்த்தாள். "பேரு?"

"வேண்டா."

வழக்கமாக வரும் சிரிப்புக்கு வேண்டா காத்திருந்தாள். பாப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "உள்ள வா."

ஒரே அறை. உறை போட்ட கீபோர்டு சுவரோரம் நின்றது. அதன்மேல் அவர் போன்.

"நம்பர மூடாதீங்க அண்ணி."

பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ மிஸ்டு கால் குடுத்துட்டு உன் வேலையப் பாத்துகினு போயிடுவ. இங்க இன்னா நடக்கும்னு தெரியுமா? மணி அடிச்சா பாயில எழுந்து குந்திக்குவாரு. 'யாரோ பேச வாய் வராம வெச்சிடறாங்க பாப்பா, இன்னா கஷ்டமோ'ன்னு உனக்காக ஜெபம் பண்ணுவாரு. ஒருநாள் வுட்டதில்ல. கடைசில தொண்டைல டியூப் போட்டப்ப, மணி அடிச்சதும் என்னப் பாப்பாரு. நீ பண்ணுன்னு அர்த்தம். பண்ணேன்."

வேண்டா இடுப்பிலிருந்த போனைக் கையால் மறைத்துக்கொண்டாள். பேர் ஊர் தெரியாத தனக்காக ஒருவர் அத்தனை விடியலிலும் எழுந்து உட்கார்ந்திருக்கிறார். அவளோ ஓசியில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவரு போனப்புறமும் நீ நிறுத்தல. மணி அடிக்குது, எழுந்து குந்தறேன், கண்ண மூடறேன். ஒரு வார்த்தை வர்ல. அவருக்காகக் கேட்டேன், கெடைக்கல. இப்ப யாருக்கோசரம் கேக்கறது? ஆனா அவரே பக்கத்துல நின்னுகினு, ஏன் பண்ணலன்னு கேக்கற மாறியே கீது. தெனம் இதே பேஜாரு. என்னால முடியல."

"நான் இனிமே பண்ணல அண்ணி. சத்தியமா பண்ணல. நம்பர் மட்டும் இருக்கட்டும். மூடிட்டா அந்தப் பாட்டு போயிடும்."

"எந்தப் பாட்டு?"

"காலர் ட்யூன்."

"அது போன்லயே கீதும்மா. கீபோர்டு வெச்சிப் பாடனது."

"அது பழசு. கடைசில மாத்திட்டாரு. வெறும் குரல்ல பாடினு கீறாரு. நடுவுல இருமுவாரு."

பாப்பா கீபோர்டின்மேல் இருந்த போனைத் திரும்பிப் பார்த்தாள். "நான் கேட்டதே இல்லியே," என்றாள் மெதுவாக. "ஆஸ்பத்திரில கட்டில் பக்கத்துலயே கெடந்தேன். பக்கத்துல கீறவருக்கு யாரு போன் பண்ணுவாங்க? அப்புறம் அந்த போன் என் கையிலயே வந்துடுச்சு. நான் கஞ்சி வாங்கப் போனப்ப எவனாச்சும் கூடப் பாடறவன் வந்து பாட்ட ரெக்கார்டு பண்ணி ட்யூனா வெச்சுட்டுப் போயிருப்பான்."

வேண்டா தன் போனில் அந்தப் பெயரைத் தொட்டு, பாப்பாவின் காதில் வைத்தாள்.

கீபோர்டின்மேல் இருந்த போன் அலறியது. பாப்பா திடுக்கிட்டாள். பழக்கத்தில் அப்படியே தரையில் குந்தி, கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய மறு கை நீண்டு, தரையில் எதையோ துழாவியது. அங்கே ஒன்றுமில்லை. இருமினால் கொடுக்கத் தண்ணீர்ச் சொம்பு தேடுகிறாள் என்று வேண்டாவுக்குப் புரிந்தது.

மணி விடாமல் அடித்தது. இந்தச் சத்தம்தானே இவளை இரண்டு வருஷமாக வதைத்தது என்று வேண்டாவுக்கு வெட்கமாகிவிட்டது. அதை அணைக்கக் கையை நீட்டினாள்.

பாப்பா கண்ணைத் திறக்காமலே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத வேண்டா," என்றாள். "பாடிகினு கீறாரு."