அல்மா இருக்கும் ஊர் வழியாக

மாடுகளை விற்ற பிறகு ரெகுலாவுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இருட்டு பிரியும் முன்பே விழிப்பு வந்துவிடும். எழுந்துபோய் ரப்பர் பூட்ஸுக்குள் காலை விட்ட பிறகுதான் தொழுவம் காலி என்பது உறைக்கும். புருஷன் ஃபிரிட்லிக்கும் அதே பாடு. இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மனிதன், கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கும் தொழுவத்துக்குமாக நடந்துகொண்டே இருந்தான். அவனால் இனிக் குனிந்து நிமிர முடியாது. மகள் சூரிச்சில் பல் வைத்தியம் பார்க்கிறாள், அவளும் திரும்பப் போவதில்லை. அதனால்தான் விற்றார்கள்.

ஜூன் பிறந்தால் அவர்களுடைய எல்ம் ஊர் மாடுகளெல்லாம் மலை மேய்ச்சலுக்குப் போகும். கழுத்து மணிகள் முழங்க, இவர்கள் வாசலை உரசிக்கொண்டுதான் போகும். அந்த வாரம் ஊரிலேயே இருக்கக் கூடாது என்று ரெகுலா தீர்மானித்தாள்.

"எங்கயாவது போயிடலாம் ஃபிரிட்லி. வெளிநாடெல்லாம் வேணாம். நம்ம நாட்டையே நாம சரியாப் பாத்ததில்ல."

"மலையில இருக்கறவன் காசு குடுத்து வேற மலையப் பாக்கப் போறதா?"

"மலை இல்ல, ஏரி."

அவள் மனதில் இருந்தது ஜெனீவா ஏரி. பள்ளி முடித்த வருஷம், பிரெஞ்சு பழகட்டும் என்று மோந்த்ரோவில் ஒரு வீட்டுக்கு அவளை வேலைக்கு அனுப்பினார்கள். அந்த வருஷம் முழுக்க வெள்ளைப் படகுகள் போவதைச் சன்னல் வழியாகப் பார்த்தபடியே பாத்திரம் தேய்த்தாள். ஒன்றில்கூட ஏறியதில்லை.

சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரித்தபடியே கிடந்தது. அவள் ஒரு வழி போடுவாள், மறுநாள் மாற்றுவாள். சுற்றுலாவே வேண்டாம் என்றிருந்த ஃபிரிட்லிக்கோ திடீரென்று ஊர் ஊராக ஆசை வந்தது.

"நம்ம நாட்டுல இத்தாலியன் பேசற பக்கம் போறோம்னா லுகானோ வேணாம், ஒரே கூட்டம். ஒலிவோனேன்னு ஒரு ஊர் இருக்கு."

"அங்க என்ன இருக்கு?"

"காத்து நல்லாருக்கும்."

இரண்டு நாள் கழித்து, கிழக்கே ரொமான்ஷ் பேசும் மிஸ்டெயரையும் சேர்க்கச் சொன்னான். அங்கே பழைய தேவாலயத்தில் சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றனவாம்.

"ஈஸ்டருக்கே கோயில் பக்கம் வராதவன் நீ. சித்திரம் பாக்கணுமா?"

"வயசாகுதில்ல."

அடுத்தது செனெலெஜியே. அது வடமேற்கு எல்லையோரம், எந்த ஏரிக்கும் வழியில் இல்லை. கேட்டால், அங்கே குதிரைகள் பிரசித்தம் என்றான். இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று ரெகுலாவுக்குப் பட்டது.

சனிக்கிழமை ரொட்டி வாங்கப் போன இடத்தில், மாடுகளை விற்றுக்கொடுத்த தரகர் காஸ்பரைப் பார்த்தாள்.

"உன் வீட்டுக்காரன் என்னைத் தூங்க விடமாட்டேங்கறான் ரெகுலா," என்றார் அவர். "எந்த மாடு எந்த ஊருக்குப் போச்சுன்னு போன் மேல போன். ஒலிவோனேக்கு அல்மா, மிஸ்டெயருக்கு ஃப்ளோரா, செனெலெஜியேக்கு நெல்கென்னு எத்தனை தரம் சொல்றது?"

வீடு வந்து சேரும்வரை அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ரொட்டியை மேசையில் போட்டாள்.

"சித்திரத்துக்குப் பேரு ஃப்ளோராவா?"

ஃபிரிட்லி கைத்தடியின் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "போற வழிதானேன்னு பாத்தேன்."

"செனெலெஜியே எந்த ஊருக்குப் போற வழி? ஆயுசு பூரா மாட்டுக்கு அப்புறம்தான் நான். மாடே இல்லாதப்பவும் அப்படித்தானா?"

அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். "மாடுங்கள வண்டியில ஏத்தறப்போ நான் ஆஸ்பத்திரியில இருந்தேன் ரெகுலா. நீ பாத்த. நான் பாக்கல."

அவளுக்கு அது தோன்றவே இல்லை. அன்று மாலை முழுக்கத் தோட்டத்தில் களை இல்லாத இடத்திலும் கொத்திக்கொண்டிருந்தாள். உள்ளே வந்ததும், "முதல்ல ஒலிவோனே. அதுக்கப்புறம் ஏரி. மத்ததப் பின்னால பாக்கலாம்," என்றாள்.

மணிச் சத்தம் தொடங்குமுன் கிளம்பிவிட்டார்கள். ஒலிவோனேயில் அல்மாவை வாங்கியவள் நிவெஸ் என்ற இளம்பெண். அவளுக்கு ஜெர்மன் வராது, இவர்களுக்கு இத்தாலியன் வராது. சிரித்துக்கொண்டே மேய்ச்சல் வேலியைத் திறந்துவிட்டாள். கொஞ்ச தூரத்தில் அல்மா நின்றது. ஃபிரிட்லி எப்போதும் கூப்பிடும் ராகத்தில் கூப்பிட்டான். மாடு தலையைத் தூக்கிப் பார்த்தது. பார்த்துவிட்டு மறுபடி புல்லுக்குக் குனிந்தது. "மோரா," என்று நிவெஸ் ஒரு குரல் கொடுத்தாள். மாடு ஓடிவந்து அவள் தோளில் முகத்தை உரசியது.

ஃபிரிட்லி அசையாமல் நின்றான். அப்புறம் கைத்தடியை ரெகுலாவிடம் கொடுத்துவிட்டு, கையாலேயே பேச ஆரம்பித்தான்: பின்பக்கத்து இடது காம்பை முதலில் தொடாதே, உதைக்கும். நிவெஸ் கால்சட்டையைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே நீலம் பாரித்திருந்ததைக் காட்டினாள். உதை வாங்கியே தெரிந்துகொண்டாயிற்று. மூவருக்கும் சிரிப்பு வந்தது. ரெகுலா மாட்டின் கழுத்தில் கை வைத்தாள். சூடாக, திடமாக இருந்தது. நிவெஸ் போட்ட பொலெண்டா என்ற சோளக் களியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள்.

பஸ்ஸில் வெகுதூரம் போன பிறகு ஃபிரிட்லி சொன்னான். "மத்த ரெண்டு ஊரும் வேணாம்."

"பாக்கணும்னியே?"

"நல்லாத்தான் இருக்கும். அங்கயும் வேற பேரு வச்சிருப்பாங்க."

தான் கேட்டது கிடைத்தும் ரெகுலாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. மறுநாள் லோகார்னோவில், ஜெனீவா ஏரிப் பக்கம் போகும் சின்ன ரயிலில் ஏறினார்கள். பள்ளத்தாக்குகள், பாலங்கள். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சன்னலில் போனை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபிரிட்லி மட்டும் கதவோரம் நின்றபடி சரிவில் நின்ற புல்லையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"உக்காரேன். இடுப்பு வலிக்கும்."

"பாரு, இன்னும் அறுக்கவே இல்ல. மழை வந்தா எல்லாம் பாழ்."

"நம்ம புல்லா அது?"

"இல்ல." என்றாலும் அவன் உட்காரவில்லை. ரெகுலா மடியில் இருந்த வரைபடத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு எழுந்துபோய் அவன் பக்கத்தில் நின்றாள்.

"அந்த மேல் சரிவு காஞ்சு போயிருக்கு," என்றாள். "அதத்தான் முதல்ல அறுக்கணும்."