ஹார்மன் தெருவில் ஏழை யாருமில்லை

பழைய மேஜை நாற்காலி வாங்கி விற்கும் ஓசெல்லாவுக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. ஹார்மன் தெருவில் மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தைக் குறைந்த வாடகை வீடுகளாக்க ஒரு ஒப்பந்தக்காரர் தயார். ஆனால் தெருவுக்கு அடியில் இற்றுப்போன சாக்கடைக் குழாயை மாற்றினால்தான் வேலையில் கைவைப்பாராம். குழாய்க்கு நகராட்சியிடம் பணமில்லை. வாஷிங்டனிலிருந்து வரும் மானியத்தில் உண்டு.

அதற்கு ஒரு நிபந்தனை: தெருவில் நூற்றுக்கு ஐம்பத்தொரு பேராவது அரசாங்கம் போட்ட வருமானக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இருந்தார்கள், சந்தேகமேயில்லை. ஆனால் நகராட்சியிலிருந்து வாஸ்கோ என்ற பெண் கதவைத் தட்டிக் கேட்டதும், கூரைக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தவன்கூட நெஞ்சை நிமிர்த்தி, “எங்களுக்கென்ன குறை?” என்றான். அப்படியே போனால் பணக்காரத் தெரு என்று பெயர் வாங்கி, சாக்கடை நாற்றத்தோடு சாக வேண்டியதுதான்.

ஓசெல்லாவின் மகள் டெனீட்ரா இரண்டு பிள்ளைகளோடு கடையிலேயே படுக்கிறாள். எந்தக் கட்டிலில் என்பது, அன்றைக்கு எது விற்காமல் மிஞ்சியது என்பதைப் பொறுத்தது. இந்த வீடுகளும் வராவிட்டால் கொலம்பஸ் நகரத்துக்கே போய்விடுவேன் என்று மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். அதனால் ஓசெல்லா வாரம் முழுக்க வாஸ்கோவோடு வீடு வீடாக அலைந்து, வீறாப்புகளைக் கரைத்தாள். இன்னும் ஒரே ஒரு வீடு வேண்டும். ஐந்து மணிக்குக் கணக்கு முடிகிறது.

வாஸ்கோ முகம் தொங்கக் கடைக்குள் வந்தாள். “டாலிவர் மட்டும்தான் பாக்கி. கோட்டுக்கு மேலதான் இருக்கேங்கறார்.”

டாலிவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். குப்பைத் தொட்டியை வெளியே வைக்கக்கூட டை கட்டிக்கொண்டு வருகிற மனிதர்.

“படிவத்துல கையெழுத்து போட்டாரா?”

“இன்னும் இல்ல. ஆனா நான் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாதுக்கா. உண்மை அவர் வாயாலதான் வரணும்.”

“வரும். வருமானம் எவ்வளவுன்னு கேட்டா எந்த மனுஷனும் ஏறுவான். விலையச் சொல்லு, தானா இறங்குவான்.” சொல்லிக்கொண்டே ஓசெல்லா ஒரு சிவப்புச் சாய்வு நாற்காலியைத் தள்ளுவண்டியில் ஏற்றினாள்.

டாலிவர் கதவைத் திறந்ததும் அவர் கண் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டது.

“அண்ணே, உங்க முதுகுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. நானூறு டாலர்.”

“நானூறா? கால்ல பூனை பிறாண்டியிருக்கு. நூறு தரேன்.”

“நூறா? வசதியான மனுஷன் பேசற பேச்சா இது?”

“யாரு வசதி? மாசம் மூவாயிரத்து நூறு பென்ஷன், அவ்வளவுதான். காருக்கு இன்சூரன்ஸ், சர்க்கரைக்கு மாத்திரை, வீட்டு வரி. மிச்சத்துல சிங்காசனம் வாங்கச் சொல்றியா?”

வாஸ்கோ தொண்டையைச் செருமினாள். “ஐயா, அது கோட்டுக்குக் கீழதான் வருது.”

டாலிவர் ஓசெல்லாவை முறைத்தார். “வலை விரிச்சியா?”

“விரிச்சேன், அண்ணே. என் பேரப்பிள்ளைங்க படுக்கிற கட்டில் வாராவாரம் வித்துப்போகுது. உங்க வீறாப்புக்காக அவங்கள ஊரைவிட்டு அனுப்பணுமா?”

அவர் டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். “முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன். ‘குறைந்த வருமானம்’னு எழுதியிருக்கிற இடத்துல என் கை டிக் போடாது. போ.”

வாஸ்கோ மெதுவாகச் சொன்னாள்: “நீங்க டிக் போட வேண்டியது அந்த இடத்துலயே இல்லைங்க ஐயா. கோட்டுக்குக் கீழ ரெண்டு கட்டம் இருக்கு. உங்க தொகை ரெண்டாவதுல வருது. ‘மிதமான வருமானம்’.”

“மிதமானதா?” அந்தச் சொல்லை அவர் வாயில் போட்டு மிட்டாய் மாதிரி உருட்டினார். “குடியில மிதம், கோபத்துல மிதம், வேகத்துல மிதம். நான் எப்பவுமே மிதமான ஆளுதானே. இதை முதல்லயே சொல்றதுக்கென்ன, பெண்ணே?”

“சொல்ல வந்தேன். நீங்க கதவைச் சாத்திட்டீங்க.”

டிக் போட்டு, தலைப்பெழுத்தைச் சுழித்துக் கையெழுத்திட்டுவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “நூறு.”

“இருநூத்தம்பது. இன்னிக்கு சந்தோஷத்துல சொல்றேன்.”

“மிதமான ஆளுகிட்டயா?”

நூற்றிருபதுக்கு முடிந்தது. ஓசெல்லா தோற்றது ஆண்டுக்கணக்கில் அதுதான் முதல்முறை, அவளுக்கு உறைக்கவேயில்லை. வாஸ்கோ வாசற்படியிலேயே கணக்கைக் கூட்டி அலுவலகத்துக்கு அனுப்பினாள். “ஐம்பத்தொண்ணு தாண்டிடுச்சு. தெரு தகுதியாயிடுச்சுக்கா. இனி நகர மன்றம் ஓட்டுப் போடணும், வேற தெருக்களும் இதே பணத்தக் கேக்குது...”

“போடட்டும், அங்கயும் வரேன்.” ஓசெல்லா அதற்குள் கைப்பேசியில் மகளைக் கூப்பிட்டிருந்தாள். “டெனீட்ரா, கட்டின மூட்டையப் பிரி. கொலம்பஸுக்கு அப்புறம் போகலாம். முதல்ல நாளைக்குப் பள்ளிக்கூடத்தப் போய்ப் பாரு, எந்த ஜன்னல்ல காலை வெயில் விழுதுன்னு.”

போனை மூடி வாஸ்கோவின் முழங்கையைப் பிடித்தாள்.

“ஏம்மா, தோண்டறத எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிப்பீங்க? எங்க பக்கத்துலேருந்து ஆரம்பிச்சா எவ்வளவு சீக்கிரம் முடியும்? சும்மா ஒரு தேதி சொல்லு, பேசிக் குறைச்சுக்கலாம்.”