முழங்காலைத்தான் விளித்தார்

கல்லூரி மைதானத்தில் கால் வைத்த அத்தனை பேரையும் மரியஜான் மக்கா என்றுதான் விளிப்பார். கணுக்கால் வீங்கி வந்தவனும் மக்கா, தொடையைப் பிடித்துக்கொண்டு நொண்டி வருகிறவளும் மக்கா. கட்டிக்கொண்டு வந்த சகாயசெல்வி மட்டும் ஏட்டி. பிள்ளையில்லாத அந்த வீட்டில், பெற்ற பிள்ளையைக் கொஞ்சி விளிக்கிற மக்கா என்ற வார்த்தைக்குச் செலவே இல்லை. எல்லாவற்றையும் மைதானத்திலேயே கொட்டிவிட்டு வந்துவிடுவார்.

அவரும் ஒரு காலத்தில் பந்து விளையாடியவர்தான். அடிபட்ட முழங்காலோடு முழு ஆட்டமும் ஓடி, காலைக் கெடுத்துக்கொண்டார். நிறுத்து என்று சொல்ல அன்றைக்கு ஆளில்லை. சொல்லுகிற ஆளாகத் தானே ஆகிவிடுவது என்று சென்னைக்குப் போய்ப் படித்து, நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் உதவியாளாகச் சேர்ந்து, அடிபட்ட ஆட்டக்காரர்களைத் தேற்றிவிடுகிற தலைமை ட்ரெய்னர் ஆனார். யார் ஆட வேண்டும் என்பதைக் கோச் சொல்லுவார். யார் ஆடக்கூடாது என்பதை மரியஜான் சொல்லுவார். அவர் தலையை ஆட்டிவிட்டால் பிரின்சிபாலே வந்து நின்றாலும் அந்தப் பையன் களத்தில் இறங்க முடியாது.

ஆனால் வெளியே அந்த வேலை யாருக்கும் விளங்கவில்லை. வடசேரி சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவள் சகாயசெல்வியிடம், "ஒமக்க மாப்பிள ஜிம்முல வெயிட்டு தூக்க வைக்குத ஆளா டீச்சர்?" என்று கேட்டாள். சகாயசெல்வியின் சித்தி அதற்கும் மேலே போனாள்.

"நாலு பேருக்க காலப் பிடிச்சுப் பொழைக்கியாருன்னு செல்லு."

மரியஜான் சிரித்தார். "உள்ளதுதானே சித்தி. ஆனா நான் பிடிச்ச காலு ஓடும்."

சகாயசெல்விக்குச் சிரிப்பு வரவில்லை. பிடித்த கால்களில் தன்னுடையது இல்லை என்பதுதான் அவளுக்குக் கணக்கு.

அஞ்சு என்ற மாணவி வந்த பிறகு அந்தக் கணக்கு இன்னும் கசந்தது. தக்கலைக்காரி, நீளம் தாண்டுகிறவள். மணலில் விழுந்தபோது முழங்காலுக்குள் ஜவ்வு அறுந்து, ஆபரேஷன் ஆகி, நடை பழகுவதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் முழுவதும் வீட்டில் அஞ்சு பேச்சுதான்.

"அஞ்சு இன்னிக்கி முட்டு முழுசா மடக்கினா ஏட்டி!"

சகாயசெல்வி மீன்குழம்புச் சட்டியை டங்கென்று வைத்தாள். "எனக்க முட்டும் மடங்கல்ல. ஆரு கேக்கியா?"

"ஐஸ் வையி," என்றார், போனில் அஞ்சு நடக்கிற வீடியோவைப் பார்த்துக்கொண்டே.

சுசீந்திரத்துப் பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் போர்டுக்கு முன்னால் நிற்கிற கால் அவளுடையது. பஸ் படி ஏறும்போது உயிர் போகும். ஒரு சனிக்கிழமை, சுரிதார் போட்டுக்கொண்டு கிளம்பியவள், கல்லூரி ஸ்டாப்பில் இறங்கி, நேரே ட்ரெய்னர் அறைக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டாள்.

முன்னால் நின்ற ஹாக்கிப் பையன் திரும்பினான். "நீங்க ஆருக்க அம்ம?"

"ஆருக்கும் இல்ல. முட்டு வலி."

"எந்த டீம்?"

"சீனியர் டீம்."

வரிசை சிரித்தது. உள்ளே மரியஜான் முக்காலியில் குனிந்தபடி வேலையில் இருந்தார். முகங்களைப் பார்க்கிற வழக்கமே அவருக்குக் கிடையாது. மேசையில் ஏறுகிற காலைப் பார்ப்பார், அவ்வளவுதான். லெக்சரர் அம்மாக்களும் வருகிற இடம் என்பதால் சுரிதாரும் அவருக்குப் புதிதல்ல. ஹாக்கிப் பையனை அனுப்பிவிட்டு, "எங்க வலிக்கி?" என்றார்.

அவள் வாய் திறக்காமல் விரலால் காட்டினாள். கட்டைவிரல் இரண்டும் முழங்கால் சிரட்டையைச் சுற்றி மெதுவாக அழுத்திக்கொண்டு வந்தன.

"பயப்படாத மக்கா. ஒண்ணுமில்ல. பைய மடக்கு, பாப்பம்."

மக்கா. கடைசியில் கொஞ்சம் இழுத்து, தாலாட்டுப் போல. இப்படி ஒரு குரல் இவருக்கு உண்டா? தன்னையறியாமல் அவளிடமிருந்து ஒரு "ஆ" வெளியே வந்தது. அந்த "ஆ" அவருக்குத் தெரிந்ததுதான். தலையைத் தூக்கினார்.

"ஏட்டி! நீ எங்க இஞ்ச?"

அறை முழுக்கச் சிரிப்பு. அவர் காது சிவந்துவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் பைக்கின் பின்னாலிருந்து கேட்டாள். "அங்க செல்லியத வீட்டில செல்லப்பிடாதா?"

"அது கிரவுண்டுல உள்ள வார்த்தையாக்கும்."

"அப்ப எனக்கு?"

"நீ ஏட்டி." பெரிய பட்டம் கொடுத்தவர் போலச் சொன்னார்.

அவர் தோளிலிருந்து கையை எடுத்துப் பைக்கின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் பெண்டாட்டியின் முழங்காலை அடையாளம் தெரியாத மனுஷன்! யோசித்துப் பார்த்தால் மக்கா என்று விளித்ததும் அவளையல்ல, முழங்காலைத்தான். சொந்த முழங்காலைப் பார்த்தே பொறாமைப்பட்டவள் இந்த ஜில்லாவில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால், அவர் அவள் காலை மடியில் எடுத்து வைத்து வலி தெரியாமலிருக்க முழங்காலில் ஒட்டு டேப் சுற்றிவிடுவார். நன்றாகத்தான் சுற்றுவார். ஆனால், "பைய மடக்கு ஏட்டி."

அப்படிச் சில வருஷம் போனபின், ஒரு ஐப்பசி மழையில், மைதானத்திலிருந்து திரும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

அடக்கத்தன்று கோயில் கொள்ளாத கூட்டம். உயரமும் குட்டையுமாக, விளையாடுகிறவர்களும் விளையாட்டை விட்டவர்களும் பெட்டியைச் சுற்றி நின்று அழுதார்கள். ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "சார் என்னிய மக்கான்னுதான் விளிப்பாரு டீச்சர்." அவளும் அழுதாள். அழுகைக்கு நடுவிலும் உள்ளே ஒன்று எரிந்தது. ஆளுக்கொரு மக்காவை எடுத்துக்கொண்டு போகிறார்கள். தனக்கென்று எதை விட்டுவிட்டுப் போகிறார்கள்?

எல்லோரையும்விட அதிகமாக எடுத்தவள் அஞ்சு. தாண்டுவதை நிறுத்தியபின் அவளும் அந்தப் படிப்பைப் படித்து, அவருக்கு உதவியாளாக வந்து சேர்ந்திருந்தாள். இப்போது அவருடைய முக்காலியில் அவள்தான்.

பூசைகளெல்லாம் முடிந்து வீடு அடங்கிய ஒரு சாயங்காலம் அஞ்சு வந்தாள். கையில் டேப் உருண்டை.

"கல்லறையில நீங்க நொண்டினத கண்டேன் டீச்சர். காலக் காட்டுங்க."

"வேண்டாம்."

"சார் இருந்தா ஏசுவாரு."

"ஓ, அதும் ஒனக்குத்தான் தெரியும்."

அஞ்சு தரையில் உட்கார்ந்து காலை மடியில் எடுத்துக்கொண்டாள். அந்த அழுத்தம், அந்தக் கட்டைவிரல்கள், நகத்தால் டேப்பைக் கிழிக்கிற அந்தச் சத்தம். கையையும் கொண்டுபோய்விட்டாளே பாவி என்று சகாயசெல்வி பல்லைக் கடித்தாள். காலை உருவிக்கொள்ள நினைத்த நேரத்தில், குனிந்த தலையிலிருந்து குரல் வந்தது.

"பைய மடக்கு மக்கா."

அதே இழுப்பு. அதே தாலாட்டு.

அஞ்சு நாக்கைக் கடித்தாள். "அய்யோ டீச்சர், வாயில வந்திற்று. பெரியவங்கள போய் மக்கான்னு..."

"இன்னொருக்கா செல்லு."

"டீச்சர்?"

"செல்லு, கேக்கட்டு."

அஞ்சுவுக்கு வரவில்லை. முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல அவளுக்கும் முடியவில்லை. உதடு கோணி, கண்ணீர்தான் வந்தது. சகாயசெல்வி காத்துப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"வீட்டில வராது, என்னா? கிரவுண்டுல உள்ள வார்த்தையில்லியா!" முழங்காலை மெதுவாக மடக்கிப் பார்த்தாள். மடங்கியது. "செரி, சனிக்கிழமை நான் அங்க வாறேன்."

"வாங்க டீச்சர். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"எனக்கு வழி தெரியும். நீ முக்காலியில இரி, தலையத் தூக்காத." தாழ்வாரம்வரை நடந்தவள் நின்று திரும்பினாள். "ஆனா ஒண்ணு. அண்ணைக்கி மாதிரி ஹாக்கி, பந்துன்னு ஒருத்தனும் எனக்க முன்ன நிக்கப்பிடாது, கேட்டியா?"